எலும்பு அறுவையா, விளையாட்டு மருத்துவமா? வாசகர் கேள்வியும் மருத்துவர் பதிலும்

விளையாட்டில் அடிபட்டவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் தொழிலைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களே மிகுதி. ஆகையால் சர்க்கரை, இரத்த அழுத்தம் குறித்த கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய்: என் மகள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள், பள்ளி நெட்பால் அணியில் இருக்கிறாள். சென்ற ஆண்டு அவளுடைய தோழிக்கு முழங்காலில் தசைநார் அறுந்து அறுவை நடந்தது. அன்றிலிருந்து "நான் ஸ்போர்ட்ஸ் சர்ஜன் ஆகப் போகிறேன்" என்று ஒரே பிடிவாதம். இதற்கு என்ன படிக்க வேண்டும், எத்தனை ஆண்டுகள் ஆகும், எங்களைப் போன்ற குடும்பத்தால் தாங்க முடியுமா?

பதில்: அம்மா, உங்கள் மகள் சொல்லும் பெயரில் நம் தென்னாப்பிரிக்காவில் தனிப் படிப்பு ஏதும் இல்லை. எலும்பியல் அறுவை மருத்துவம் ஒரு தொழில். விளையாட்டு மருத்துவம் வேறொரு தொழில். எலும்பியல் அறுவை மருத்துவரிடம் எலும்பு, மூட்டு, முதுகெலும்பு, தசைநார் என எல்லாம் வரும். வருபவர் அணித்தலைவராக இருந்தாலும் சரி, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பாட்டியாக இருந்தாலும் சரி, அவர்தான் பார்க்க வேண்டும். விளையாட்டு மருத்துவரோ பெரும்பாலும் அறுவை அரங்கிற்குள் நுழைவதே இல்லை. அடிபட்டவருக்கு அறுவை தேவையா என்று முடிவு செய்வது, தேவையில்லாத பெரும்பான்மையினரை உடற்பயிற்சியாலும் ஓய்வாலும் குணப்படுத்துவது, தலையில் அடிபட்டவரைக் களத்திலிருந்து வெளியேற்றுவது, ஓட்டக்காரரின் இதயத்தையும் ஆஸ்துமாவையும் கவனிப்பது ஆகியவையே அவருடைய அன்றாட வேலை. உங்கள் மகள் கண்டது முழங்கால் அறுவையை. அவளைக் கவர்ந்தது அறுவையா, தோழி மீண்டும் களத்துக்குத் திரும்பிய அந்த நீண்ட பாதையா என்பதை அவளிடமே கேட்டுப் பாருங்கள். விடை எதுவாக இருந்தாலும் முதல் ஒன்பது ஆண்டுகளின் வழி ஒன்றேதான்; ஆகவே இப்போதே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த வழி இது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மருத்துவப் பட்டப்படிப்பு ஆறு ஆண்டுகள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் இன்டர்ன்ஷிப், பிறகு ஓராண்டு கட்டாயச் சமூக சேவை. 1998இல் தொடங்கிய இந்தச் சமூக சேவைத் திட்டத்தில் எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்பது முழுவதும் நம் கையில் இல்லை. டர்பனிலேயே இருக்க வேண்டும் என்று எண்ணும் பெற்றோர் இதை முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. எலும்பியலைத் தேர்ந்தால், இதற்குப் பிறகு எலும்பியல் பிரிவில் மருத்துவ அதிகாரியாகச் சில காலம், பிறகு ஐந்து ஆண்டுகள் அளவில் ரெஜிஸ்ட்ரார், அதாவது நிபுணராகப் பயிலும் மருத்துவர், என்னும் நிலையில் பயிற்சி. பதினெட்டு வயதில் தொடங்குபவர் தடங்கல் ஏதுமின்றிச் சென்றால் முப்பத்து நான்கு வயதளவில் நிபுணர் ஆவார். முழங்கால் அல்லது தோள்பட்டையில் தனித்தேர்ச்சி வேண்டுமென்றால், இன்னும் ஓராண்டு அத்துறையில் பெயர் பெற்ற ஒருவரிடம் சென்று பயில்வது வழக்கம்.

செலவைப் பற்றிய அச்சம் நம் குடும்பங்களில் ஒரு தவறான கணக்கிலிருந்து வருகிறது. பதினாறு ஆண்டுகள் என்றவுடன் பதினாறு ஆண்டுகளுக்கும் கட்டணம் கட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். கட்டணம் முதல் ஆறு ஆண்டுகளுக்கே பெரிது. இன்டர்ன்ஷிப் தொடங்கிய நாள்முதல் அரசு சம்பளம் கொடுக்கிறது. ரெஜிஸ்ட்ராரும் சம்பளம் வாங்கும் அரசு மருத்துவரே. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவிக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குச் சற்று மேலே இருக்கும் குடும்பங்களே உண்மையில் திண்டாடுகின்றன. அவர்கள் மாகாண சுகாதாரத் துறையின் உதவித்தொகைகளை விசாரிக்க வேண்டும். பெற்ற உதவிக்கு ஈடாக அரசு மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றக் கேட்பார்கள். எலும்பியலில் ஆர்வமுள்ளவருக்கு அது தண்டனை அல்ல.

இப்போது கவனிக்க வேண்டியது பாடத் தேர்வு. கணிதத்தில் மதிப்பெண் குறைகிறது என்று பள்ளிகள் பிள்ளைகளைக் கணித அறிவுப் பாடத்துக்கு, அதாவது மேத்ஸ் லிட்டரசிக்கு, மாற்றிவிடுவது உண்டு. மாறிய அன்றே மருத்துவக் கல்லூரியின் கதவு மூடிவிடும். கணிதம், இயற்பியல் அறிவியல், உயிர் அறிவியல், ஆங்கிலம் ஆகிய நான்கும் வேண்டும். குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்துக்கு மைய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்; மருத்துவத்துக்கான கடைசி நாள் மற்றப் படிப்புகளுக்கு முன்னதாகவே வந்துவிடும் என்பதால் பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள். கேப் டவுன், விட்ஸ் போன்ற பல்கலைக்கழகங்கள் கேட்கும் தேசியத் தகுதித் தேர்வுக்கும் தனியே பதிவு செய்ய வேண்டும். கையேட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள். அது விண்ணப்பிக்க மட்டுமே போதும், இடம் கிடைக்கப் போதாது.

தோழியின் முழங்காலைப் பற்றியும் ஒரு சொல். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். நெட்பாலில் பந்தைப் பிடித்தவுடன் காலை ஊன்றி நின்றுவிட வேண்டும் என்னும் விதியும் அதற்குத் துணைபோகிறது. அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்குள் களத்தில் இறங்குபவர்களுக்கு அதே தசைநார் மீண்டும் அறும் ஆபத்து கூடுகிறது. தோழி அவசரப்பட்டுத் திரும்பியிருந்தால் உங்கள் மகளே அதைச் சொல்லட்டும். அவள் வருங்காலத் தொழிலுக்கு அது நல்ல தொடக்கம்.

ஃபீனிக்ஸிலிருந்து ஓர் இளைஞர்: பன்னிரண்டாம் வகுப்பு மெட்ரிக் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றும் மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டுக் கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒரு முகவர் சொல்கிறார். சேரலாமா?

பதில்: தம்பி, பணத்தைக் கட்டுமுன் ஒரே ஒரு செய்தியை எழுத்தில் வாங்குங்கள்: அந்தப் பட்டத்தை, மருத்துவர்களைப் பதிவு செய்யும் நம் நாட்டின் சுகாதாரத் தொழில்கள் மன்றம் எந்த நிபந்தனையில் ஏற்கிறது என்பதை. வெளிநாட்டில் படித்துத் திரும்புபவர் மன்றம் வைக்கும் தேர்வில் தேற வேண்டும். அதன்பின் இன்டர்ன்ஷிப் இடத்துக்கும் காத்திருக்க நேரும். முகவர்கள் கல்லூரியின் படத்தைக் காட்டுவார்கள், இந்தக் காத்திருப்பைக் காட்ட மாட்டார்கள். கடிதத்தை முகவரிடம் கேட்காதீர்கள்; மன்றத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

உள்நாட்டிலேயே சுற்றுவழி உண்டு. பிசியோதெரபி நான்கு ஆண்டுப் பட்டம், அதன்பின் ஓராண்டு சமூக சேவை. பயோகைனட்டிக்ஸ் என்பது நம் நாட்டில் தனியாக வளர்ந்து மன்றத்தின் பதிவையும் பெற்ற துறை. காயம் ஆறிய பிறகு உடலை உடற்பயிற்சி மூலம் பழைய திறனுக்குக் கொண்டுவருவது அதன் பணி. ரக்பி அணிகளில் பயோகைனட்டிசிஸ்ட் இல்லாத அணியைக் காண்பது அரிது. உங்களுக்கு விளையாட்டு முதன்மை, மருத்துவம் அடுத்தது என்றால் இவை இரண்டாந்தரத் தேர்வுகள் அல்ல. அணியோடு அதிக நேரம் இருப்பவர்களும், வீரர் ஒருவர் மனம் திறந்து பேசுவதற்கு முதலில் தேடுபவர்களும் இவர்களே. இல்லை, மருத்துவமேதான் வேண்டும் என்றால், பட்டம் முடித்தவர்களை மூன்றாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்ளும் திட்டம் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதற்குத் தகுதியான பாடங்கள் உங்கள் முதல் பட்டத்தில் இடம்பெற வேண்டும். எனவே சேருவதற்கு முன்பே அந்தப் பட்டியலைப் பார்த்து முதல் பட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வடக்கு குவாசுலு-நாட்டாலில் சமூக சேவை செய்யும் ஒரு மருத்துவர்: எலும்பியலில் சேர்ந்து, மூட்டுக்குள் கேமராவைச் செலுத்திச் செய்யும் ஆர்த்ராஸ்கோபி அறுவை மருத்துவராக வேண்டும் என்பது என் கனவு. ஆனால் இங்கே நான் பார்ப்பது டாக்சி விபத்தும், துப்பாக்கிச் சூட்டில் சிதறிய தொடை எலும்பும்தான். விளையாட்டுக் காயம் ஒன்றைக்கூடப் பார்ப்பது அரிது. காலத்தை வீணாக்குகிறேனோ என்று தோன்றுகிறது. ரெஜிஸ்ட்ரார் இடம் பெறுவதற்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கேள்வியின் முதல் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த நாட்டில் எலும்பியல் கற்றுக்கொடுப்பது விபத்துப் பிரிவே. டர்பனில் கிங் எட்வர்ட் VIII, இன்கோசி ஆல்பர்ட் லுதுலி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிரேஸ், எடண்டேல் என்று ரெஜிஸ்ட்ரார்கள் சுற்றிவரும் மருத்துவமனைகள் எதற்குச் சென்றாலும் உங்கள் இரவுகளை நிரப்பப் போவது இதே தொடை எலும்பும் இதே திறந்த முறிவும்தான். காசநோய் அரித்த முதுகெலும்பு, எலும்புக்குள் சீழ் கோத்த குழந்தை, நீரிழிவால் அழுகிய பாதம் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். ஆர்த்ராஸ்கோபி பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில் நடக்கிறது. பயிற்சிக் காலத்தில் அது உங்களுக்குக் கிடைப்பது குறைவாகவே இருக்கும். முழங்காலுக்குள் கேமராவைச் செலுத்தும் நளினமான வேலைக்கு முன்பு, இரத்தம் வழியும் காலைக் கண்டு பதறாத கை வேண்டும். அந்தக் கை இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில்தான் உருவாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. கால் எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப்போட்ட பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது. விரல்களை நாம் அசைத்தால் அலறுகிறார். தசைகளைச் சூழ்ந்த உறைக்குள் அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் தடைப்படும் நிலை அது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் உறையைத் திறந்துவிடாவிட்டால் தசை மீளாது. எக்ஸ்ரே இதைக் காட்டாது, பாதத்தில் நாடித்துடிப்பு இருப்பதும் நம்மை ஏமாற்றும்; படுக்கையருகே நிற்கும் இளம் மருத்துவரின் சந்தேகமே காலைக் காப்பாற்றும். இதே நிலை ரக்பிக் களத்தில் தொடையில் பலமாக மோதுண்ட வீரருக்கும் வரும். மாவட்ட மருத்துவமனையில் இதைக் கண்டவர் களத்திலும் கண்டுகொள்வார். திறந்த முறிவுடன் வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடும் பழக்கமும் அப்படியே. உங்கள் மருத்துவமனையில் அது நடக்கிறதா என்று ஒரு சிறு தணிக்கை செய்து எழுதினால், அதுவே நேர்காணலில் உங்களுக்காகப் பேசும்.

இனி இடம் பெறுவதைப் பற்றி. எலும்பியல் நிபுணர் தகுதிக்கான எஃப்.சி. ஆர்த் தேர்வின் முதல்நிலையை, அதாவது உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் ஆகியவற்றை, இப்போதே எழுதி முடியுங்கள். தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகள் அமைப்பு நடத்தும் இத்தேர்வு கையில் இல்லாமல் விண்ணப்பிப்பவரை நேர்காணலுக்கு அழைப்பதே அபூர்வம். இடைநிலைத் தேர்வையும் முடித்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அடுத்து, எலும்பியல் பிரிவில் மருத்துவ அதிகாரிப் பணி. சமூக சேவை முடித்த மருத்துவர்களுக்கே அரசுப் பணியிடம் கிடைக்காமல் போகும் காலம் இது; ஆகையால் டர்பன்தான் வேண்டும் என்று காத்திருக்காமல் எலும்பியல் நிபுணர் ஒருவராவது இருக்கும் எந்த ஊரானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நகரின் பெரிய மருத்துவமனையில் நீங்கள் நான்காம் ஆளாக, வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கொக்கியோடு நிற்பீர்கள். சிறிய ஊரில் நிபுணர் எதிரே நிற்க, கத்தி உங்கள் கையில் இருக்கும். செய்த ஒவ்வோர் அறுவையையும், உதவியாக நின்றதா தானே செய்ததா என்று பிரித்து, அன்றன்றே பதிவேட்டில் எழுதுங்கள். எலும்பியல் உயர் டிப்ளமா எழுதுவதும் நல்லது; நிபுணர் தகுதியை அது தராது என்றாலும், உங்கள் ஆர்வம் நேற்று முளைத்ததல்ல என்று காட்டும்.

ஆய்வுக் கட்டுரையைப் பலர் கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போட்டுத் திணறுகிறார்கள். 2011 முதல் பயிற்சியில் சேர்ந்தவர்கள் எல்லோரும் இறுதித் தேர்வில் தேறுவதோடு ஆய்வையும் முடித்தால்தான் நிபுணராகப் பதிவு செய்ய முடியும். தேர்வில் வென்று, ஆய்வு முடியாமல், நிபுணர் என்னும் பெயருக்காக மாதக் கணக்கில் காத்திருப்பவர்களை எல்லாப் பிரிவுகளிலும் காணலாம். துப்பாக்கிச் சூட்டு முறிவுகளைப் பற்றி எழுதுவதற்கு உங்கள் கண்முன் கிடக்கும் பொருள் உலகின் பல பெரிய மருத்துவமனைகளுக்குக் கிடைக்காது. வீணாகப் போகிறது என்று நீங்கள் சொல்லும் காலத்தில்தான் அது கிடைத்திருக்கிறது.

டோங்காட்டிலிருந்து ஒரு மருத்துவ மாணவி: ஐந்தாம் ஆண்டில் படிக்கிறேன். எலும்பியல் என்றாலே பெரியம்மா முதல் மாமா வரை "அது ஆண் பிள்ளைகள் செய்யும் வேலை, உனக்குத் தோல் நோய் மருத்துவம் போதும்" என்கிறார்கள். உடல் வலிமை உண்மையிலேயே தடையா?

பதில்: இல்லை. விலகிய இடுப்பு மூட்டை உள்ளே தள்ளுவதற்கு வலிமையைவிட மயக்க மருந்தும் சரியான கோணமுமே தேவை. தொடை எலும்பை இழுத்துப் பிடிக்க இழுவை மேசை இருக்கிறது; துளையிடுவதும் அறுப்பதும் மின் கருவிகள். உடல் அலுப்பு உண்டு, அது ஆணுக்கும் உண்டு. ஐந்து மணி நேரம் ஈயக் கவசத்தைச் சுமந்து நின்ற பிறகு முதுகைப் பிடித்துக்கொள்ளாத ஆண் அறுவை மருத்துவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

உறவினர்கள் கேட்காத, நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அறுவை அரங்கில் எக்ஸ்ரே கருவி அடிக்கடி இயங்குகிறது; பல மருத்துவமனைகளில் பொதுவாக வைத்திருக்கும் ஈயக் கவசங்கள் ஆணின் உடலளவுக்குத் தைத்தவை, அக்குள் பக்கம் திறந்தே கிடக்கும், மார்பகத்தின் ஓரம் மறைவதில்லை. உங்கள் அளவுக்குப் பொருந்தும் கவசத்தையும், கழுத்துக் காப்பையும், கதிர்வீச்சு அளவிடும் பட்டையையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். செயற்கை மூட்டு பொருத்தப் பயன்படும் எலும்புச் சிமெண்டின் ஆவியையும் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பது வழக்கம். ரெஜிஸ்ட்ரார் ஆண்டுகளும் பிள்ளை பெறும் ஆண்டுகளும் ஒரே சமயத்தில் வருவதுதான் உண்மையான சிக்கல். மகப்பேறு விடுப்புக்குப் பின் பயிற்சிக் காலத்தை நீட்டிக் கொடுக்கிறார்களா, இரவுப் பணிப் பட்டியலை எப்படி அமைக்கிறார்கள் என்று, அந்தப் பிரிவில் ஏற்கெனவே பயிலும் பெண்களிடம் தனியே பேசித் தெரிந்துகொள்ளுங்கள். துறைத் தலைவர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது துல்லியமாக இருக்கும்.

பெரியம்மாவிடம் டாக்டர் குணம் என்பவரைப் பற்றிச் சொல்லுங்கள். 1930-களில் எடின்பரோவில் மருத்துவம் படித்து டர்பனுக்குத் திரும்பியவர், தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் மருத்துவர். அந்நாளில் மருத்துவமே பெண்ணுக்கு ஆகாது என்றார்கள். இன்று எந்தப் பிரிவு ஆகும், எது ஆகாது என்று பேசும் அளவுக்கு உறவினர்கள் முன்னேறியிருக்கிறார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பொது மருத்துவர்: எனக்கு முப்பத்தெட்டு வயது, சொந்தமாக மருத்துவமனை நடத்துகிறேன். காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அறுவையில் ஆர்வம் இல்லை. விளையாட்டு மருத்துவத்தில் முறையாகத் தேர்ச்சி பெற வழியுண்டா? இந்த வயதில் பயன் இருக்குமா?

பதில்: வழியும் உண்டு, பயனும் உண்டு, வயது உங்களுக்குச் சாதகம் என்றே சொல்வேன். கேப் டவுன், பிரிட்டோரியா பல்கலைக்கழகங்களில் மருத்துவர்களுக்கான முதுநிலை விளையாட்டு மருத்துவப் படிப்புகள் உள்ளன. தொழிலை விட்டுவிடாமல் படிக்க இயலுமா, எத்தனை முறை நேரில் செல்ல வேண்டும் என்பதைச் சேருமுன் கேளுங்கள். அதற்கு முன் ஆழம் பார்க்க விரும்பினால், பன்னாட்டு ஒலிம்பிக் குழு தொலைவழியில் நடத்தும் டிப்ளமாவும், ஃபிஃபா கட்டணமின்றி இணையத்தில் தரும் கால்பந்து மருத்துவ டிப்ளமாவும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவச் சங்கத்தில் உறுப்பினராவதும் நல்லது. அணிகளின் வாய்ப்புகள் விளம்பரத்தைவிட அறிமுகத்தின் வழியே அதிகம் வருகின்றன.

ஆனால் நீங்கள் இருக்கும் ஊரே இத்துறையின் பெரிய பாடசாலை என்பதை மறந்துவிடக் கூடாது. 1921 முதல் டர்பனுக்கும் உங்கள் ஊருக்கும் இடையே, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தூரத்துக்கு நடைபெற்றுவரும் அந்த ஓட்டம் மருத்துவ அறிவையே மாற்றியிருக்கிறது. ஓடுபவர் தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும், எவ்வளவு குடித்தாலும் நல்லதே என்று ஒரு காலத்தில் கற்பித்தார்கள். 1981 காம்ரேட்ஸில் ஓடிய ஒருவர் சுயநினைவு இழந்தபோது, அவர் உடலில் நீர் குறையவில்லை, மிகுந்துவிட்டது என்பதும், அதனால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியது என்பதும் தெரியவந்தது. மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி 1985இல் எழுதினார்கள். மயங்கி விழுந்தவருக்கு எல்லோரும் பழக்கத்தால் நரம்பு வழியே ஏற்றும் சாதாரண உப்புநீர், இவருக்கு உதவாது, கேடும் செய்யலாம்; மூளை வீங்கும் நிலையில் வேண்டியது அடர்ந்த உப்புநீர். எது எது என்று பிரித்தறிய இரத்தத்தில் சோடியத்தை அளந்தே ஆக வேண்டும். எண்பதுகளில் விந்தையாகத் தோன்றிய இச்செய்தி இன்று உலகம் முழுவதும் நெடுந்தூர ஓட்டங்களின் மருத்துவக் கூடாரங்களில் அடிப்படைப் பாடம்.

இன்னொன்றும் அந்தக் கூடாரம் கற்றுக்கொடுக்கும். எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு சரிந்து விழுபவர்களில் பெரும்பாலோருக்கு, ஓட்டம் நின்றதும் கால்களில் இரத்தம் தேங்கி அழுத்தம் இறங்குவதே காரணம். படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் சிறிது நேரத்தில் எழுந்து தேநீர் கேட்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் விழுபவர்தான் கவலைக்குரியவர். இதயம், உடல் வெப்பம், சோடியம், சர்க்கரை என்று அவரிடம் தேட வேண்டியது நிறைய. இந்த வேறுபாட்டைப் படித்தவர் பலர். ஒருநாள் முழுவதும் கூடாரத்தில் நின்றவருக்கு ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதே அது தெரிந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு மருத்துவக் குழுவில் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பது அதன்பிறகு ஆகட்டும்.

வருமானத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அணி மருத்துவர் என்னும் பெயர் கேட்பதற்குப் பெருமையானது. பள்ளி, விளையாட்டுக் கழக அளவில் அது சனிக்கிழமைகளைத் தின்றுவிட்டு ஒரு டி-ஷர்ட்டைக் கொடுக்கும். வீட்டை நடத்துவது உங்கள் மருத்துவமனைதான். அங்கே வரும் சர்க்கரை நோயாளிக்கும், முழங்கால் தேய்ந்த பாட்டிக்கும் உடற்பயிற்சியை மருந்துபோல் அளவிட்டு எழுதிக் கொடுக்கத் தெரிந்த மருத்துவர் நம் சமூகத்தில் மிகவும் குறைவு. விளையாட்டு மருத்துவம் படித்தவரால் வீரர்களைவிட அவர்களுக்கே அதிகப் பயன் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

ஸ்டாங்கரிலிருந்து ஒரு கிரிக்கெட் இரசிகர்: கேஷவ் மகராஜ் குதிகாலுக்கு மேல் தசைநாண் அறுந்துபோன பிறகும் ஓராண்டுக்குள் உலகக் கோப்பையில் ஆடினார். ஓட்டக்காரர் வேய்ட் வான் நீகெர்க் முழங்காலில் அடிபட்ட பிறகு பழைய வேகத்தைப் பெறவில்லை. ஒருவருக்கு நல்ல அறுவை மருத்துவர் கிடைத்தார், மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. 2023 மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஜொஹானஸ்பர்க்கின் வாண்டரர்ஸ் மைதானத்தில் விக்கெட் வீழ்ந்த மகிழ்ச்சியில் துள்ளியபோது மகராஜுக்கு அறுந்தது அக்கிலிஸ் தசைநாண். அக்டோபரில் சென்னை சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி ரன்னை அடித்தவர் அவரே. சுழற்பந்து வீச்சாளர் சில அடிகளே ஓடி வருகிறார். வான் நீகெர்க் 2016 ரியோவில் 400 மீட்டரை 43.03 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தவர். 2017 அக்டோபரில், கண்காட்சிக்காக ஆடிய ஒரு தொடு ரக்பி ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. அவர் தொழிலில் நூறில் ஒரு பங்கு விநாடிக்கும் கணக்கு உண்டு. வளைவில் முழு வேகத்தில் திரும்பும் முழங்காலிடம் கேட்கப்படுவது வேறு, நின்று வீசும் குதிகாலிடம் கேட்கப்படுவது வேறு. ஒப்பிட முடியாத இரண்டை ஒப்பிட்டு அறுவை மருத்துவருக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

அக்கிலிஸ் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுந்த தசைநாணைத் தைத்தாலும், தைக்காமல் சிறப்புக் காலணியில் பாதத்தைச் சாய்த்து வைத்து விரைவிலேயே பயிற்சியைத் தொடங்கினாலும், ஓராண்டு முடிவில் காலின் செயல்திறன் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அறுவையில் மீண்டும் அறும் வாய்ப்புச் சற்றுக் குறைவு. ஆனால் காயத்தில் சீழ் வைப்பது, நரம்பு பாதிப்பது போன்ற தொல்லைகள் அதற்கு உண்டு. எனவே ஐம்பது வயதில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடி அறுத்துக்கொண்டவர் "மகராஜுக்குச் செய்த அறுவையை எனக்கும் செய்யுங்கள்" என்று வந்தால், முதலில் உட்காரவைத்துப் பேசுவதே என் வழக்கம்.

வெருலத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவர்: நான் ஓர் எலும்பு அறுவையை நேரில் பார்க்க முடியுமா?

பதில்: அறுவை அரங்கிற்குள் உன் வயதில் அனுமதி கிடைப்பது கடினம், மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் சம்மதமும் அதில் அடங்கியிருக்கிறது. முதலுதவிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு, சனிக்கிழமை ரக்பி ஆட்டங்களில் உன் பள்ளியின் முதலுதவிக் குழுவோடு எல்லைக்கோட்டருகே நில். நம் ரக்பிச் சங்கம் 2009 முதல் நடத்தும் பாக்ஸ்மார்ட் என்னும் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றி உன் பயிற்சியாளரிடம் கேள். கழுத்தில் அடிபட்டவரை எப்படி அசைக்காமல் வைப்பது, தலையில் அடிபட்டவரை ஏன் அன்று மீண்டும் ஆடவிடக் கூடாது என்று அவர் கற்றிருப்பார். பக்கத்து ஊரில் பிசியோதெரபிஸ்ட் எவராவது இருந்தால், விடுமுறையில் ஒரு வாரம் அவர் அறையில் ஓரமாக உட்கார அனுமதி கேள். அறுவை முடிந்தவர்கள் அங்கேதான் மாதக் கணக்கில் வருகிறார்கள். கணிதத்தை விட்டுவிடாதே.